சாவு வீட்டில் கூடும் பிள்ளைகள்: மூன்று சூப்பர்ஹீரோ குடும்பங்கள்

சூப்பர்ஹீரோ குடும்பக் கதையை எதில் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் எனக்கு மூன்று காமிக்ஸ் தொடர்கள் நினைவுக்கு வரும். 1961இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் தொடங்கிய ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’. 2007இல் ஜெரார்ட் வே எழுதி, பிரேசில் ஓவியர் கேப்ரியல் பா வரைந்த ‘அம்ப்ரெல்லா அகாடமி’. 2015இல் டாம் கிங் எழுத, கேப்ரியல் ஹெர்னாண்டஸ் வால்டா வரைந்த ‘விஷன்’. மூன்றுமே எனக்குப் பிடிக்கும். ஆனாலும் முதலில் எடுத்து நீட்டுவது அம்ப்ரெல்லா அகாடமியைத்தான். அதற்கான காரணம், மற்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

மூத்தவர்களிடமிருந்து ஆரம்பிப்போம். ஃபென்டாஸ்டிக் ஃபோருக்கு முன்பும் சூப்பர்ஹீரோ குழுக்கள் இருந்தன. வில்லனை வீழ்த்தியதும் அவரவர் வழியில் கிளம்பிவிடுவார்கள். இந்த நால்வரோ, விஞ்ஞானி ரீட், அவன் காதலி சூ, அவள் தம்பி ஜானி, ரீடின் நண்பன் பென் கிரிம், ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள். ரகசிய அடையாளம் கிடையாது. முதல் இரண்டு இதழ்களில் சீருடைகூடக் கிடையாது. 1962இல் வந்த ஒன்பதாம் இதழில் கையில் காசில்லாமல் திவாலாகி நிற்கிறார்கள். 1965 ஆண்டுமலரில் ரீடுக்கும் சூவுக்கும் கல்யாணம், 1968 ஆண்டுமலரில் பிள்ளை பிறக்கிறான். இதையெல்லாம் அன்றைய வாசகன் பக்கத்து வீட்டுச் செய்தி போலப் பின்தொடர்ந்திருப்பான்.

ஆனால் அந்த வீட்டின் உயிர் பென் கிரிம்தான். விண்வெளிக் கதிர்களால் ஆபத்து, நான் ராக்கெட் ஓட்ட மாட்டேன் என்று முதல் இதழிலேயே மறுத்தவன் அவன். நீ கோழையாக இருப்பாய் என்று நினைக்கவில்லை என்று சூ சொன்ன பிறகுதான் ஏறுகிறான். ரப்பராக நீளும் உடம்பு ரீடுக்கு, மறையும் சக்தி சூவுக்கு, நெருப்பு ஜானிக்கு. எச்சரித்தவனுக்குக் கிடைத்ததோ திரும்ப மனிதனாக முடியாத கல்லுடம்பு. 1966இல் வந்த 51ஆம் இதழைப் படித்துப் பாருங்கள். ரீடின் மேல் பொறாமை கொண்ட ஒரு விஞ்ஞானி பென்னின் உருவத்தைத் திருடிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறான். பழிவாங்க வந்தவன், கடைசியில் ரீடைக் காப்பாற்றித் தான் சாகிறான். அவனுக்குக் கதையில் பெயர்கூட இல்லை. அந்த வீட்டில் சில மணி நேரம் இருந்ததே அவனை மாற்றப் போதுமானதாக இருந்தது. குடும்பம் மனிதனைத் திருத்தும் என்று இவ்வளவு வெகுளியாக, இவ்வளவு உறுதியாக நம்பிய வேறொரு காமிக்ஸை நான் படித்ததில்லை.

அந்த நம்பிக்கையைத்தான் ஜெரார்ட் வே கையில் எடுத்து உடைத்துப் பார்க்கிறார். ‘மை கெமிக்கல் ரொமான்ஸ்’ இசைக்குழுவின் பாடகர் எழுதிய காமிக்ஸ் என்பதால் பலர் அலட்சியமாகத்தான் பிரித்திருப்பார்கள். கதை ஒரு மல்யுத்த மேடையில் ஆரம்பிக்கிறது. விண்வெளியிலிருந்து வந்த கணவாய் மீன் ஒன்றை ஒரு மல்யுத்த வீரன் முழங்கையால் வீழ்த்தும் அதே கணத்தில், கருவுற்ற அறிகுறியே இல்லாத பெண்களுக்கு 43 குழந்தைகள் பிறக்கின்றன. அவர்களில் ஏழு பேரை ரெஜினால்ட் ஹார்கிரீவ்ஸ் என்ற பணக்காரர் தத்தெடுக்கிறார். அவரே மனித வேடமிட்ட வேற்றுக்கிரகவாசி. இத்தனையையும் ஒரு சில பக்கங்களில், விளக்கம் எதுவும் தராமல் சொல்லிவிட்டு வே நகர்ந்துவிடுகிறார். சிறுவர்களின் முதல் வேலையே பாரிஸில், கட்டுமீறிப் போன ஈஃபில் கோபுரத்தோடு மோதுவது.

வினோதங்களுக்காக மட்டும் என்றால் இந்தத் தொடரை ஒருமுறை படித்துச் சிரித்துவிட்டு வைத்திருப்பேன். திரும்பத் திரும்ப எடுக்க வைப்பது அந்த அப்பா. பிள்ளைகளை அவர் எண்ணால் அழைக்கிறார். முதலாமவன் லூதர், தலை மட்டும் மனிதத் தலை, உடம்பு செவ்வாய்க் கிரகக் கொரில்லாவுடையது. ஐந்தாமவன் எதிர்காலத்துக்குப் போய் மாட்டிக்கொண்டு, ஆயுளின் பெரும்பகுதியை அழிந்த உலகத்தில் கழித்துவிட்டுச் சிறுவன் உடம்போடு திரும்புகிறான். ஆறாமவன் பென் ஏற்கெனவே இறந்துவிட்டான். ஏழாமவள் வான்யாவுக்கு வயலின் வாசிப்பதைத் தவிர வேறு சக்தி எதுவும் இல்லை என்று சொல்லியே வளர்த்துவிட்டார் அப்பா. வளர்ந்து ஆளுக்கொரு திசையாகச் சிதறியவர்களை அவருடைய சாவுதான் மறுபடி ஒரே வீட்டுக்குள் கொண்டுவருகிறது.

அந்தச் சாவு வீட்டுப் பக்கங்களைப் படித்தவர்களுக்கு ஒன்று புரியும். துக்கம் விசாரிக்க வந்த யாரும் அழவில்லை, பழைய கணக்குகள்தான் வெளியே வருகின்றன. யார் அப்பாவுக்குப் பிடித்த பிள்ளை, யார் சொல்லாமல் போனது, குடும்ப விஷயத்தைப் புத்தகமாக எழுதி ஊருக்குச் சொன்னது யார். நம் வீடுகளில் காரியம் முடிந்து பந்தி எடுத்த பிறகு திண்ணையில் நடக்கும் பேச்சும் இதுதான். வீட்டில் இடமில்லை என்றானதும், தன்னை மதித்துக் கூப்பிட்ட ஓர் இசைக்குழுவிடம் வான்யா போய்ச் சேர்கிறாள். அவர்கள் தேடுவது உலகத்தை அழிக்கும் இசைக்கு ஒரு வயலின். உலகம் அழியப் போவதற்குக் காரணம் வெளியிலிருந்து வந்த வில்லன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குள் ஒரு பிள்ளையை ஒதுக்கி வைத்த வினை அது.

கேப்ரியல் பாவின் கை இதற்கென்றே வாய்த்தது. ஒல்லியான கைகால்கள், கூரான முகங்கள், பக்கத்தில் பாதியை விழுங்கும் கறுப்பு. டேவ் ஸ்டூவர்ட்டின் வண்ணங்கள் அந்தக் கறுப்புக்கு இடம்விட்டு நிற்கின்றன. வான்யா வெண்ணிற வயலினாக மாறி நிற்கும் பக்கத்தில் அவள் உடம்பே வாத்தியமாக இருக்கும். அழகும் திகிலும் ஒன்றாக வரும் பக்கம் அது.

விஷன் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. விஷன் ஓர் இயந்திர மனிதன். தனக்கென ஒரு மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் தானே உருவாக்கி, வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில் குடியேறுகிறான். அக்கம்பக்கத்தார் பலகாரத்தோடு எட்டிப் பார்க்கிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஒரு தாக்குதலில் மனைவி வர்ஜீனியா ஒருவனைக் கொன்று கொல்லைப்புறத்தில் புதைக்கிறாள், புருஷனிடம் பொய் சொல்கிறாள். அந்த ஒரு பொய் 12 இதழ்கள் வளர்கிறது. யார் சாகப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும் கதைசொல்லியின் குரல் நம்மை விடாது. கட்டுக்கோப்பில் மூன்றிலும் இதுவே சிறந்தது, காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருதும் பெற்றது. முழுக்கதையும் முடிந்து கையில் இருக்கிறது.

அம்ப்ரெல்லா அகாடமிக்கு அந்தச் சௌகரியம் இல்லை. முதல் தொகுதி 2008இல் ஐஸ்னர் வாங்கியது, இரண்டாவதான ‘டல்லாஸ்’ 2009இல் முடிந்தது. மூன்றாவதுக்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் கதையை முடிக்காமல் திறந்தே விட்டுவிட்டது. நெட்ஃபிளிக்ஸில் 2019 முதல் நான்கு பருவங்கள் வந்த தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காமிக்ஸ் இன்னும் கரடுமுரடாகத் தெரியும். அதைத்தான் நான் விரும்புகிறேன். மூன்றாவது தொகுதி கொஞ்சம் சிதறலாக இருப்பது உண்மை, முதல் இரண்டில் அந்தக் குறை இல்லை.

எனவே முதல் தொகுதியின் ஆறு இதழ்களை ஒரே மூச்சில் படியுங்கள். ஃபென்டாஸ்டிக் ஃபோரின் 51ஆம் இதழை அதற்குப் பிறகு எடுத்தால், அந்தப் பழைய வீட்டின் வெதுவெதுப்பு இன்னும் அதிகமாகத் தெரியும். டல்லாஸைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு பேரில் ஒருத்தி அலிசன், ஒன்றை வதந்தி என்று சொன்னாலே அதை நிஜமாக்கிவிடுபவள், அங்கே குரல் இழந்து நிற்கிறாள். அந்தக் குரலைப் பறித்த சகோதரி வான்யா பக்கத்திலேயே இருக்கிறாள், தான் செய்தது எதுவும் நினைவில்லாமல்.