மிரர் போர்ட்டா, நெட்வொர்க் டேப்பா: செட்டிநாட்டு வீட்டு ஹோட்டலுக்கு எது சரிவரும்?

கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் ஹோட்டலாக மாறிய பழைய நகரத்தார் வீடுகளில் நெட்வொர்க் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முகப்பில் ரிசப்ஷன், வளவைச் (உள்முற்றத்தை) சுற்றி அறைகள், பின்கட்டில் சிசிடிவி ரெக்கார்டரும் ரேக்கும். வீடோ ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிறது. சுவரைத் துளைக்க ஆச்சி சம்மதிக்க மாட்டார். கேபிள் சுற்றிப் போவதற்குள் காப்பரின் 100 மீட்டர் வரம்பு நெருங்கிவிடும். அதனால் நடுவே ஃபைபர். அந்த லிங்க்கில் போவதையும் வருவதையும் கண்காணிக்கத்தான் இந்தக் கேள்வி. மிரர் போர்ட் என்பது, சுவிட்ச் தன் வழியே போகும் பாக்கெட்டுகளின் (தரவுத் துண்டுகளின்) நகலை அனுப்பும் போர்ட். டேப் என்பது கேபிளின் நடுவே மாட்டி நகல் எடுக்கும் சிறு பெட்டி.

மிரர் போர்ட்டுக்குச் செலவே இல்லை. மேனேஜ்டு சுவிட்ச் (அமைப்புகளை மாற்றக்கூடியது) இருந்தால் இரண்டு வரி கமாண்ட். ஆனால் 1 ஜிகாபிட் லிங்க் இரு திசையும் சேர்த்து 2 ஜிகாபிட் வரை சுமக்கும். மிரர் போர்ட் வெளியே தள்ளுவது 1 ஜிகாபிட்தான். சராசரி குறைவுதானே என்று விட்டுவிட முடியாது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து விருந்தினர்கள் வீடியோ பார்க்கும்போது, கேமராப் பதிவும் சேர்ந்துகொள்ளும் நொடிகளில் அந்தப் போர்ட்டின் ‘அவுட்புட் டிராப்’ எண் (அனுப்ப முடியாமல் கைவிட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால், நீங்கள் தேடும் பாக்கெட்டே விடுபட்டிருக்கலாம். சிஆர்சி பிழையுள்ள, அதாவது வழியில் சிதைந்த ஃபிரேம்களைச் சுவிட்ச் பொதுவாக வாசலிலேயே கழித்துவிடும். லிங்க்கே கெட்டிருந்தால் மிரரில் தெரியாது.

ஃபைபர் டேப் வேறு ரகம். உள்ளே ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் மட்டும்தான். மின்சாரமே வேண்டாம், கரண்ட் போனாலும் அதற்குக் கவலையில்லை. 50:50 பிரிவில் சுமார் 3 டெசிபல், கனெக்டர் இழப்பும் சேர்த்து இன்னும் கொஞ்சம் போகும். 10 கிலோமீட்டருக்கான சிங்கிள்மோடு (நெடுந்தூர ஃபைபர்) எஸ்எஃப்பிக்கு, அதாவது சுவிட்சில் செருகும் ஒளி மாட்யூலுக்கு, ஒரு வீட்டுத் தூரத்தில் இது பொருட்டே அல்ல. குறுந்தூர மல்டிமோடு ஃபைபர் என்றால் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். திசைக்கொரு வெளியீடு வருவதால் கண்காணிக்கும் கம்ப்யூட்டரில் இரண்டு போர்ட் வேண்டும். மாட்டும்போது லிங்க் சில நிமிடம் நிற்கும். செக்-இன் நேரத்தில் கை வைக்காதீர்கள்.

காப்பரில் இந்தச் சுகம் கிடையாது. ஜிகாபிட் காப்பரில் நான்கு ஜோடிக் கம்பியிலும் ஒரே நேரத்தில் இரு திசை சிக்னலும் ஓடுவதால், மின்சாரம் இல்லாத டேப் சாத்தியமில்லை. மின்சாரத்தில் ஓடும் டேப்பில் கரண்ட் போனால் உள்ளே ரிலே விழுந்து வழி விடும், ஆனால் லிங்க் ஒரு தரம் அறுந்து சேரும். காப்பர் லிங்க்குக்கு மிரர் போர்ட்டே போதும் என்பேன்.

எதிர்வினை என்று வந்தால் டேப் ஊமை. பார்க்கும், தடுக்காது. ஊடுருவலைக் கண்டறியும் மென்பொருளான சூரிகாட்டா அலர்ட் கொடுத்தால், தனி இன்டர்ஃபேஸ் வழியாக டிசிபி ரீசெட் (இணைப்பை முறிக்கும் பாக்கெட்) அனுப்பலாம். பல வலைத்தளங்கள் பயன்படுத்தும் க்விக் நெறிமுறை டிசிபியில் அல்ல, யூடிபியில் ஓடுவதால் அதனிடம் இது பலிக்காது. அலர்ட் வந்ததும் ஃபயர்வாலில் அந்த முகவரியைத் தடுக்கச் சொல்லும் சிறு ஸ்கிரிப்ட் இதைவிட நம்பகம். லிங்க் நடுவே உட்காரும் இன்லைன் பெட்டியும், அது செத்தால் வழிவிடும் பைபாஸ் டேப்பும் பெரிய டேட்டா சென்டர்களுக்கு. பத்து அறை ஹோட்டலுக்கு அது வீண் செலவு.

இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவுப்படி குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக் 180 நாள் இருக்க வேண்டும். அதற்காக விருந்தினரின் பாக்கெட் முழுவதையும் பிடித்து வைக்கத் தேவையில்லை. பெரும்பாலும் அது டிஎல்எஸ் குறியாக்கத்தில் பூட்டியதுதான், உள்ளே படிக்க முடியாது. யார், எங்கே, எப்போது, எவ்வளவு என்று நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளான ஸீக் எழுதும் லாக், இந்த லிங்க்கைப் பொறுத்தவரை போதும், டிஸ்க்கும் மிச்சம்.