தொகுப்பா, தனிப் பெயரா, நேர் இணைப்பா: மெயின்பிரேம் கேட்வேயில் வழிதவறும் செஷன்கள்

ஐ.பி.எம். 1974-இல் அறிவித்த எஸ்.என்.ஏ. என்னும் வலையமைப்பு முறையில் மெயின்பிரேமுக்கு (மையப் பெருங்கணினிக்கு)த் திரையின் முன் இருப்பவர் யாரென்று தெரியாது, எல்.யூ. (லாஜிக்கல் யூனிட்) என்னும் இணைப்பு முனையின் பெயர் மட்டுமே தெரியும். வண்ணார்பேட்டையில் நான் பராமரிப்பைக் கவனிக்கும் அலுவலகமொன்றில், அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில் கிளைகளுக்கு அந்தப் பெயர்களை, கிளைக் கணினிகளுக்கும் மெயின்பிரேமுக்கும் இடையே நிற்கும் இரண்டு கேட்வே சர்வர்கள் வழங்குகின்றன. வழங்குவதற்கான வழிகளில் எது மேல் என்பதே கேள்வி.

இரு சர்வர்களின் எல்.யூ.க்களையும் ஒரே தொகுப்பில் இட்டு, கேட்பவருக்குக் காலியாக உள்ளதைக் கொடுப்பது முதல் வழி. ஒன்று படுத்தால் மற்றொன்று தாங்கும் என்பதால் பலரும் இதையே விரும்புகிறார்கள். ஆனால், கோளாறும் இங்கேதான் இருக்கிறது. ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்க, அதன் மெயின்பிரேம் லிங்க் மட்டும் அறுந்தால், அதன் எல்.யூ.க்கள் தொகுப்பில் காலியானவையாகவே காட்டப்படுகின்றன. சுமை குறைந்த சர்வருக்கே புதிய செஷனை (இணைப்பு அமர்வை) அனுப்புவது விதியாகையால், ஒரு செஷனும் இல்லாத அந்தச் சர்வரே வருகிறவர்களையெல்லாம் இழுத்துக்கொள்கிறது. வள்ளியூரில் ஒருவருடைய 24 வரித் திரையில் கர்சர் மட்டும் நிற்க, மற்ற சர்வர் வழியே காலையிலேயே நுழைந்துவிட்ட பக்கத்து மேசைக்காரர் தடையின்றி வேலை பார்ப்பார். ஆகவே பழி முதலில் அவருடைய மேசைக் கணினியின் மேல்தான் விழும்.

ஒவ்வொரு மேசைக்கும் நிலையான எல்.யூ. ஒதுக்குவது இரண்டாவது வழி. லிங்க் போனால் அதை நம்பியவர்களின் வேலை நின்றுவிடும் என்பது குறைதான். எனினும் யாருக்கு, எதனால் நின்றது என்பது உடனே தெரிந்துவிடும். எல்.யூ. முகவரி ஒரே பைட் அளவினதாகையால் எல்.யூ.க்களைத் தாங்கும் ஒரு பி.யூ.வின் (பிசிக்கல் யூனிட்) கீழ் 255-ஐத் தாண்ட முடியாது. கிளை அலுவலகங்களுக்கு அது போதும். பிரிண்டருக்கோ இதைத் தவிர வேறு வழியே இல்லை என்பேன்: மெயின்பிரேம் பெயரைப் பார்த்தே அச்சுக்கு அனுப்புவதால், பிரிண்டரைத் தொகுப்பில் இட்டால் வள்ளியூரின் பட்டியல் அம்பாசமுத்திரத்தில் வந்து விழும்.

கேட்வேயை விலக்கி, மெயின்பிரேம் திரைகளுக்கான டி.என்.3270இ என்னும் நெறிமுறை வழியாக, இணையத்தின் வழக்கமான டி.சி.பி./ஐ.பி.யில் நேரே இணைவது மூன்றாவது. 1998-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2355 என்னும் இணைய நெறிமுறை ஆவணத்தின்படி, வேண்டிய எல்.யூ.வைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். திரையோடு அதற்குரிய பிரிண்டரையும் இணைக்கலாம். 'இ' இல்லாத பழைய டி.என்.3270-இல் இவ்வசதிகளை எதிர்பார்க்க இயலாது. நீண்ட காலத்துக்கு இதுவே சரியானது என்றாலும், மெயின்பிரேம் பக்கத்தில் அதற்கான சர்வரை அமைப்பதும் டி.எல்.எஸ். என்னும் மறையாக்கப் பாதுகாப்பு தருவதும் அங்குள்ளோர் கையில் இருக்கின்றன. கிளையிலிருந்து கடிதம் எழுதலாம், அவ்வளவே.

அதுவரை கவுன்டர்களுக்கும் பிரிண்டர்களுக்கும் நிலையான எல்.யூ.வையும், விசாரணைத் திரைகளுக்கு மட்டும் தொகுப்பையும் வைத்துக்கொள்வதையே தேர்கிறேன். லிங்க் அறுந்தவுடன் அந்தச் சர்வரின் எல்.யூ.க்களைத் தொகுப்பிலிருந்து கையால் நீக்கிவிட வேண்டும். சர்வர் சேவையையே நிறுத்துவது அதனினும் விரைவானது, ஏனெனில் நிறுத்தப்பட்ட சர்வருக்குப் புதிய செஷன் எதுவும் போகாது.