சுவிஸிலிருந்து வந்த நீள்பிடி அரிவாள்

நின்றபடியே புல் வெட்டலாம் என்பதற்காகவே இதற்கு மூன்று நட்சத்திரம் கொடுப்பேன். நான்காவது பாம்புக்காக. குந்தியிருந்து கை அரிவாளால் வெட்டும்போது கண்ணாடிப் புடையனுக்கும் நம் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இருப்பதில்லை. இதன் பிடியோ ஆள் உயரத்துக்குக் கிட்ட வரும். ஐந்தாவதை நான் கொடுக்காததற்குக் காரணம் சுத்தியல்.

கிளிநொச்சி வட்டக்கச்சியில் ஒரு தென்னங்காணியும் இரண்டு பசுக்களும் வைத்திருக்கிறேன். 2022இல் பெற்றோலுக்கு கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்ற காலத்தில், முதுகில் மாட்டும் புல்வெட்டி இயந்திரம் மூலையில் கிடந்தது. அதைத் தொலைபேசியில் புலம்பப் போய்த்தான் பெறாமகன் அடுத்த வருகையில் இதைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்தான். ஆஸ்திரியாவில் அடித்த 65 சென்ரிமீற்றர் அலகு, மரப்பிடி, இரண்டையும் பூட்டும் வளையம், தீட்டுக்கல், கல்லைத் தண்ணீரோடு இடுப்பில் கொழுவ ஒரு கூடு, அலகைத் தட்டச் சிறு பட்டடை. எல்லாம் சேர்த்து 150 யூரோவைத் தாண்டுமாம். சொந்தக் காசில் நான் வாங்கியிருக்க மாட்டேன்.

பிடி வெள்ளைக்காரரின் உயரத்துக்குச் செய்தது. கீழ்க்கைப்பிடி இடுப்பெலும்புக்கு நேராகவும், மேற்கைப்பிடி அதிலிருந்து ஒரு முழம் மேலேயும் இருக்க வேண்டும். எனக்கு இரண்டுமே எட்டாத உயரத்தில் நின்றன. தச்சு வேலை செய்பவர் முதிரை மரத்தில் புதிதாகச் செய்து தரட்டுமா என்று கேட்டார். முதிரையில் செய்தால் தூக்குவதற்குத் தனி ஆள் பிடிக்க வேண்டும். உள்ளதையே குறைத்துத் தரச் சொன்னேன்.

வெட்டும் முறைதான் நம்மவர்களுக்குக் கஷ்டம். காட்டுக்கத்தி பிடித்துப் பழகிய கை ஓங்கிப் போடத்தான் பார்க்கும். பக்கத்து வீட்டுத் தம்பி நல்ல பலசாலி. முதல் வீச்சிலேயே நுனியை மண்ணில் குத்திவிட்டான். அலகின் அடிப்பாகம் நிலத்தை விட்டு எழும்பவே கூடாது. நுனியைச் சற்றே தூக்கி, வலமிருந்து இடமாக வளைத்து இழுக்க வேண்டும்; திரும்ப வேண்டியது இடுப்பு, தோள் அல்ல. ஒவ்வொரு வீச்சுக்கும் நாலு விரற்கடை புல் போதும். ஆசைப்பட்டு அகலமாக எடுத்தால் புல் சாயுமே தவிர அறாது. சரியாகப் போனால் வெட்டிய புல் இடப்பக்கம் வரிசையாக ஒதுங்கிவிடும், அள்ளிக் கட்ட வேண்டியதுதான். இயந்திரம் இதே புல்லைத் துண்டு துண்டாகச் சிதறடித்து விடும்.

நேரம் விடியற்காலை. பனி நனைத்த புல் பூப்போல அறும். வெயில் ஏறினால் அதே புல் வழுக்கும். மார்கழியும் தையும் இதற்கென்றே வந்த மாதங்கள்.

இனிச் சுத்தியல். சில நிமிடத்துக்கு ஒரு தடவை கல்லால் தீட்டுவது சின்ன வேலை. ஆனால் சில மணி நேரம் வெட்டிய பிறகு, விளிம்பைப் பட்டடையில் வைத்துத் தட்டித் தட்டி மெல்லியதாக்க வேண்டும். சூடாக்கக் கூடாது, அரத்தால் ராவியும் சரிப்படுத்த முடியாது. கிரைண்டரில் பிடித்தால் சூட்டில் உருக்கின் பதம் போய்விடும். எங்கள் கொல்லுப்பட்டறைக்காரர் அலகைப் பார்த்ததும் கிரைண்டரைத்தான் எடுத்தார், அலகைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அளவுக்கு மிஞ்சி அடித்தால் விளிம்பு அலையலையாக நெளியும். பொறுமை இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம்.

அறுகுக்கும் தென்னைக்குக் கீழே வளரும் இளம் புல்லுக்கும் இதை மிஞ்சிய கருவி இல்லை. முற்றிய கினிப்புல்லின் தூரில் அலகு சிக்கும். சீ.ஓ. 3 என்ற மாட்டுத் தீவனப்புல்லின் தடித்த தண்டுக்குக் காட்டுக்கத்திதான் சரி. போரின் இரும்புச் சில்லும் முட்கம்பித் துண்டும் எங்கள் மண்ணில் இன்னும் கிடக்கின்றன. ஒரு தட்டுப் பட்டாலும் மெல்லிய விளிம்பில் பல் விழும். முதலில் வாரியால் இழுத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்காத காணிப் பக்கம் எதையும் கொண்டு போகக் கூடாது என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டு வருவதாக இருந்தால் உங்கள் உயரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இடக்கைக்காரர் என்றால் அதையும் சொல்லுங்கள், அலகே வேறு. தீட்டுக்கல் மட்டும் இரண்டாகக் கேளுங்கள். கீழே விழுந்தால் உடைந்துவிடும்.