பெத்தாவின் பூ வளவை மீட்பது: புல்லா, கொப்பா, காடா?

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோர எழுவான்கரையில் எங்கே வீடு திருத்தினாலும், பெயின்ற் காய்ந்த கையோடு அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: வளவை என்ன செய்வது? பெத்தா, அதாவது பாட்டி, இருந்த காலத்தில் முற்றம் நிறையப் பூ. கண்ணகை அம்மன் சடங்குக்கு இந்த வளவுகளிலிருந்துதான் கூடை கூடையாகப் போனது. பிறகு இடம்பெயர்வு, 2004இல் கடல், வெளிநாட்டுப் பயணம் என்று ஏதோ ஒன்று குறுக்கிட்டது. பூ நின்ற இடத்தில் நாயுண்ணியும் கினிப்புல்லும் இப்பிலிப்பிலும் ஏறிவிட்டன. எங்கள் பக்கத்தில் வீடுவளவு மகளுக்குத்தான் போகும். ஆகவே பெத்தாவின் வளவைப் பற்றிய முடிவும் பெரும்பாலும் பேத்திமார் தலையில்தான் விழுகிறது.

ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு, தம்பிலுவில் என்று போய்ப் பார்த்தால் மூன்று வழிகள் தெரிகின்றன. ஆளைப் பிடித்து எல்லாவற்றையும் வழித்தெடுத்து, புல் பதித்து, நேர்சரிக் கன்று வைப்பது ஒன்று. அயல் வளவுகளில் கொப்பு முறித்து வந்து பழைய பூமரங்களையே திரும்ப நடுவது இன்னொன்று. முளைத்ததை முளைத்தபடி விட்டு, வேண்டாததை மட்டும் களைவது மூன்றாவது. மூன்றையும் வைகாசியில் போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மார்கழியில் எந்த வளவும் பச்சைதான். மழை எல்லாக் குறையையும் மூடிவிடும். எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கச்சான் காற்று தொடங்கி மணல் சுடும்போது எது நிற்கிறது, எதில் பூ இருக்கிறது, அந்தப் பூவுக்கு யார் வருகிறார்கள் என்பதை வைத்தே இங்கே எடைபோடுகிறேன்.

புல்லில் தொடங்குவோம். அதன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. வேலை சீக்கிரம் முடிகிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வந்து இறங்கும்போது முற்றம் படம் எடுக்கிற மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் உருளலாம், பாம்பு வந்தால் தூரத்திலேயே தெரியும். புல் வெட்டிய மறுநாள் மைனாவும் உண்ணிக்கொக்கும் வந்து பூச்சி பொறுக்கும்.

தண்ணீர்தான் கணக்கைக் கெடுக்கிறது. நாலு பேர்ச்சஸ் புல் என்றால் ஏறக்குறைய 100 சதுர மீற்றர். கச்சான் காலத்தில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஈரம் போகிறது என்று வைத்தால், அதை ஈடுகட்டவே நாள்தோறும் 500 லீற்றர் வேண்டும். வீட்டுக்கு மேலே ஏற்றி வைத்திருக்கும் சின்னத் தாங்கி ஒன்று முழுதாக, தினமும், புல்லுக்கு மட்டும். கடலோர மணலில் அந்தத் தண்ணீரும் நிற்காது, வடிந்து கீழே போய்விடும். கோடையில் உவர் ஏறுகிற கிணறாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: இறைக்க இறைக்க உவர் கூடும், அதையே ஊற்ற ஊற்றப் புல் மஞ்சளாகும். பிறகு ஆள் வந்து பசளை போடச் சொல்வார்.

நேர்சரிக் கன்றுகளின் கதை வேறு. அவை பூக்காமல் இல்லை, நன்றாகவே பூக்கின்றன. ஆனால் எந்தப் பூ என்று கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். அடுக்குச் செவ்வரத்தை பார்வைக்கு நிறைவானது; மகரந்தத் தாள்கள்தான் அதில் இதழ்களாக மாறியிருக்கின்றன. ஒற்றைச் செவ்வரத்தையில் நடுத்தண்டு வெளியே நீட்டி நிற்கும், அடியில் தேன். தேன்சிட்டு பூவின் முன்னாலே தொங்கி எடுக்கும். பொறுமை இல்லாவிட்டால் புல்லிவட்டத்துக்குப் பக்கத்தில் அலகால் துளைத்துக் களவாக எடுக்கும். அடுக்குப் பூவில் அந்த இதழ்க் குவியலுக்குள் நுழைய வண்டுக்கும் தேனீக்கும் வழி சரியாகக் கிடைப்பதில்லை. கடதாசிப்பூவும் இப்படித்தான். மதிலெல்லாம் நிறம், கச்சானுக்கும் அசையாது, ஆனால் அதைச் சுற்றி இரைச்சல் குறைவு. வாங்குவதென்றால் ஒற்றைப் பூவாகக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் விலையும் குறைவு.

இனி கொப்பு. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் இதில் இலையும் பேச்சுக்கு வருகிறது.

வளவுக்கு வண்ணத்துப்பூச்சி வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பூவை மட்டுமே நினைக்கிறார்கள். பூவுக்கு வருகிற பூச்சி குடித்துவிட்டுப் போய்விடும். முட்டையிட வேண்டுமென்றால் அதற்குக் குறிப்பிட்ட இலை வேண்டும், அந்த இலை இல்லாத வளவில் அது தங்காது. பெத்தாமார் நட்ட மரங்களின் பட்டியலை இந்தக் கண்ணோடு பார்த்தால் வியப்பாக இருக்கிறது. கிணற்றடியில் கறிவேப்பிலை, தேசி: இரண்டிலும் கறுப்பு அழகிப் பூச்சிகள் முட்டையிடும். சிறிய புழு குருவி எச்சம் மாதிரியே இலைமேல் கிடக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி ஒரு வாடையை விடும். வேலியோரத்து எருக்கலையில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி போட்ட புழு, அதுதான் செம்மஞ்சள் நிற வெந்தய வரியன் ஆகிறது. எருக்கலைப் பாலின் நஞ்சு உடம்பில் ஏறியிருப்பதால் பறவைகள் அதைச் சீண்டுவதில்லை. கொன்றையில் மஞ்சள் பூச்சிகள். அலரி இலையின் அடியில் சிலவேளை வெள்ளி பூசிய மாதிரி மின்னிக்கொண்டு ஒரு கூட்டுப்புழு தொங்கும். அது கபில நிறத்துச் சாதாரணப் பூச்சி ஒன்றின் கூடு. இவ்வளவு ஆடம்பரம் அதற்கு எதற்கு என்று தோன்றும்.

நந்தியாவட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் முற்றத்தில் மிளகு சிந்தின மாதிரி எச்சம் கிடந்தால் மேலே நிமிர்ந்து பாருங்கள். விரல் தடிப்பில், விரலைவிட நீளமாக, இலை நிறத்திலேயே ஒரு புழு காம்பைப் பிடித்துக்கொண்டு இருக்கும். கிட்டப் போனால் தலையை உள்ளிழுத்துக் குனியும். கழுத்தடியில் நீலமும் வெள்ளையுமான இரண்டு கண் திறக்கும். கண் அல்ல, கண் மாதிரிப் புள்ளி. ஒரு கொப்பை ஒரே கிழமையில் மொட்டையாக்கிவிடும். பக்கத்து வளவு மாமிக்கு அது பொறுக்காது: “என்ன புள்ள, புழுப் பிடிச்ச மரத்த இன்னும் வெச்சிருக்காய்? வெட்டி எறிகா!” வெட்ட வேண்டியதில்லை, நந்தியாவட்டை திரும்பத் தளிர்த்துவிடும். புழு நிறம் மாறி, இறங்கி, நிலத்துச் சருகுக்குள் கூடு கட்டும். பச்சையும் இளஞ்சிவப்புமாகக் கோலம் போட்ட பெரிய அந்துப்பூச்சியாக வெளியே வந்து, இரவில் வெள்ளைப் பூக்களைத் தேடும். விடியமுன் வளவு முழுக்கத் தும்புத்தடியால் சுரண்டிக் கூட்டி எரித்தால் அந்தக் கூடும் சேர்ந்தே எரியும். முற்றத்தைக் கூட்டுங்கள், மரத்தடியை விட்டுவிடுங்கள். இதைச் சொன்னால் எங்கள் அம்மாமார் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்பது வேறு கதை.

இலை தின்னும் புழுவைப் பொறுத்துக்கொள்வதில் இன்னொரு லாபம் உண்டு. தேன்சிட்டுக்குத் தேன் போதும் என்று நினைத்துச் சிலர் சீனித் தண்ணீர் கட்டித் தொங்கவிடுகிறார்கள். குஞ்சுக்கு அது தேனை ஊட்டுவதில்லை. சிலந்தியும் சிறு பூச்சியும்தான் கொண்டுபோகிறது. கூட்டைக் கட்டுவதும் சிலந்தி நூலால். மருந்து அடித்துத் துடைத்து வைத்த வளவில் பூ எவ்வளவு இருந்தாலும் வாசல் விறாந்தையில் கூடு தொங்காது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கொப்பு வழி மெதுவானது. செவ்வரத்தை, நந்தியாவட்டை இரண்டையும் பென்சில் தடிப்பில், ஒரு சாண் நீளத்தில் முறித்து, இலையைக் களைந்து, நிழலில் ஈர மணலில் குத்தி வைத்தால் ஒன்றிரண்டு மாதத்தில் வேர் விடும். முற்றம் நிறைந்து தெரிய இரண்டு மாரி வேண்டும். மல்லிகைக்குப் பதியம் நல்லது. எருக்கலையைப் பிடுங்கி நட்டால் ஆழவேர் அறுந்துபோகும். விதை தூவுவதே மேல். செவ்வரத்தையில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூச்சி அப்பும். 2008இல் பப்பாசிக்கு வந்த அந்த வெள்ளைப் பூச்சி தேமா, செவ்வரத்தையையும் விட்டு வைக்கவில்லை. மறு ஆண்டு அதற்கெதிராக விடப்பட்ட சிறு குளவிதான் அதை அடக்கியது. வளவில் ஆங்காங்கே ஒட்டுவதைக் குழாய்த் தண்ணீரால் வேகமாக அடித்துக் கழுவினாலே பாதி போய்விடும். அலரி நஞ்சு, தவழுகிற பிள்ளையும் ஆடும் உள்ள வீட்டில் அதை வேலிக்கு வெளியே வையுங்கள், அல்லது வைக்கவே வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கில் இந்த வழி எளிதாக வெல்கிறது. மரத்துக்கு மரம் குழி வெட்டி, பொச்சுமட்டையின் (தேங்காய் உரித்த மட்டையின்) உட்புறம் மேலே பார்க்க அடுக்கி, மண்ணும் மாட்டெருவும் போட்டு நட்டால், அந்த மட்டை மாரித் தண்ணீரைப் பிடித்து வைக்கும். தென்னைக்குச் செய்கிற வேலைதான், பூமரத்துக்கும் செய்யலாம். வேர் பிடித்த பிறகு ஒன்றுவிட்ட நாள் இரண்டு வாளி போதும். வைகாசியில் மல்லிகை தன் உச்சத்தில் இருக்கும், செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் நிற்காது. அம்மனுக்குப் படைக்கிற மடைக்குக் கமுகம்பாளையை மட்டும் வெளியே தேடினால் சரி.

காடாக விடுவது பற்றி எனக்கு இரண்டு மனம். உயிர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அதற்கு நிகரில்லை. கொவ்வைக் கொடி, ஆமணக்கு, பறவை எச்சத்தில் முளைத்த வேப்பங்கன்று என்று யாரும் நடாமலே ஒரு வளவு நிறைந்துவிடும். புலுனிக் கூட்டம் காலையில் சருகைக் கிளறிக்கொண்டு சண்டை பிடிக்கும். அடர்ந்த பற்றை இருந்தால் செண்பகம் குடியேறும். மாரியில் கன்றுகளை மொட்டையடிக்கிற ஆபிரிக்க நத்தையை ஓடுடைத்துத் தின்பது அதுதான். காசு கொடுத்து வாங்க முடியாத வேலையாள்.

ஆனால் நாயுண்ணி ஏமாற்றுக்காரி. அதில் பூச்சி மொய்க்கும், அதைப் பார்த்து விட்டுவைத்தால் இரண்டே ஆண்டில் மற்றதெல்லாம் அதன் அடியில். மாட்டுக்கும் நஞ்சு. இப்பிலிப்பில் விதை கொட்டிக்கொண்டே இருக்கும். கினிப்புல் கச்சானில் காய்ந்தால் தீக்குச்சி ஒன்று போதும். அதோடு எலி வரும், எலிக்குப் பின்னால் சாரை வரும், சிலவேளை புடையனும் வரும். சாரையைக் கண்டு அலறத் தேவையில்லை. புடையனோடு விளையாட முடியாது. பற்றைக்கும் வீட்டுக்கும் நடுவே வெறும் மணலாகக் கூட்டிய அகலமான இடைவெளி இருக்க வேண்டும், பொச்சுக் குவியலும் விறகும் சுவரோடு சாய்ந்திருக்கக் கூடாது.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கதை முற்றிலும் மாறும். உன்னிச்சைப் பக்கம், வெல்லாவெளிப் பக்கம், அம்பாறையின் காட்டோர ஊர்கள் எல்லாவற்றிலும் யானை ஒரு விருந்தாளி அல்ல. அங்கே வளவைக் காடாக்கி ஓரத்தில் வாழையும் இளந்தென்னையும் வைப்பது இரவில் அதை வீட்டுச் சுவர் வரைக்கும் கூப்பிடுவதாகும். அங்கே பூமரத்தைத் தாழ்வாக வைத்து, பார்வை மறையாமல் திறந்த வளவாக வைத்திருப்பதே புத்தி. மயில் மொட்டைக் கொத்தினால் கொத்தட்டும்.

மதிலா வேலியா என்ற வழக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வசதி இருந்தால் தெருப்பக்கம் மட்டும் மதில், மற்ற மூன்று பக்கமும் கதியால் நட்ட உயிர்வேலி. மதிலில் ஒரு ஓணான் வெயில் காயும், அவ்வளவுதான். பூவரசும் சீமைக்கிளுவையும் நின்றால் சின்னானுக்கும் தையல்சிட்டுக்கும் இடம், வெட்டிய குழை பசளை. பெரிய மரத்தை வீட்டுக் கூரைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னால் கேளுங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் அவர்கள். சாடிகளை மட்டும் நம்புகிறவர்கள் அடித்தட்டில் தண்ணீர் நிற்கவிடாதீர்கள். டெங்கு ஒருபுறம், நுளம்பு பெருக விட்டால் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்கு மறுபுறம்.

என் தீர்ப்பு கொப்புக்குத்தான், சில திருத்தங்களோடு. 20 பேர்ச்சஸ் வளவென்றால் முன்பக்கமும் கிணற்றடியும் பழைய பூமரங்கள். பின் மூலையில் மூன்று நாலு பேர்ச்சஸ் பற்றையாக விட்டு, நாயுண்ணியையும் இப்பிலிப்பிலையும் மட்டும் வேரோடு எடுங்கள். பிள்ளைகள் கேட்டால் வாசலில் ஒரு பாய் அகலத்துக்குப் புல். வழித்தெடுக்க மெசின் பிடிக்கிறவர்கள் அதற்கு முன் ஒரு மாரி பொறுத்துப் பார்க்கலாம். பற்றைக்குள்ளே பெத்தாவின் மல்லிகை அடிக்கட்டை இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். வீடு ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடப்பதென்றால் மட்டும் என் தீர்ப்பு மாறும். தண்ணீர் ஊற்ற ஆளில்லாத வளவில் புல்லும் வேண்டாம், கொப்பும் வேண்டாம். அலரி, தேமா, பூவரசு, எருக்கலையை மட்டும் வைத்துவிட்டு, சித்திரையிலும் புரட்டாதியிலும் துப்புரவாக்க அயலில் ஒருவருக்குக் காசு கொடுங்கள். இருக்கிறவர்கள் புரட்டாதிக்குள் குழியை வெட்டி முடித்து, முதல் மழை மண்ணுக்குள் இறங்கியதும் ஐப்பசியில் நடுங்கள். மார்கழி வெள்ளம் நிற்கிற பள்ளத்தில் மல்லிகையை வைக்காதீர்கள், அது நின்ற தண்ணீரில் அழுகிவிடும்.