சி.எம்.ஆர்.டி படிவம்: பச்சை காட்டினால் போதுமா?

மின்னணுப் பாகம் செய்யும் நிறுவனங்களுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரின் மின்னஞ்சலோடு தவறாமல் வந்து சேரும் எக்செல் கோப்புதான் சி.எம்.ஆர்.டி (கான்ஃப்ளிக்ட் மினரல்ஸ் ரிப்போர்ட்டிங் டெம்ப்ளேட்). விற்ற பணம் ஆயுதக் குழுக்களுக்குப் போகக்கூடிய ‘மோதல் கனிமங்கள்’ பற்றிக் கேட்கும் படிவம். ரெஸ்பான்சிபிள் மினரல்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. மூலகாரணம் அமெரிக்காவின் 2010 டாட்-ஃபிராங்க் சட்டத்தின் 1502ஆம் பிரிவு. பொருளில் டின், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் இருந்தால், அது காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்தோ அதை ஒட்டிய நாடுகளிலிருந்தோ வந்ததா என்று அமெரிக்கப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் விசாரித்து, ஆண்டுதோறும் மே 31க்குள் அறிக்கை தர வேண்டும். அவர்கள் தங்கள் சப்ளையரைக் கேட்க, அவர் தன் சப்ளையரைக் கேட்க, கடைசியில் ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ இருக்கும் பர்ச்சேஸ் ஆளின் தலையில் விடிகிறது.

படிவத்தின் அடிப்படை யோசனை கெட்டிக்காரத்தனமானது. சுரங்கங்களை எண்ணி மாளாது. தாதுவை உலோகமாக்கும் உருக்காலைகளோ உலகத்தில் சில நூறுதான். ஆகவே அது உருக்காலையின் பெயரைக் கேட்கிறது.

முதல் தாளில் வரம்பைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே பலர் வழுக்குகிறார்கள். ‘நிறுவனம்’ என்று போட்டால் நீங்கள் வாங்கும் எல்லாவற்றின் உருக்காலைகளும் பட்டியலில் ஏறிவிடும். ஒரே ஒரு கனெக்டரைப் பற்றிக் கேட்டவருக்கு 300 பெயரைக் கொடுத்தால், எதுவும் சொல்லாததற்குச் சமம். முடிந்தவரை ‘பொருள்’ வரம்பைத் தேர்ந்தெடுத்து, பொருள் பட்டியல் தாளில் பாக எண்களை எழுதுங்கள். முதல் இரண்டு கேள்விகளும் முக்கியம்: உலோகம் சேர்க்கப்படுகிறதா, பொருளில் தங்குகிறதா? மின்னணுப் போர்டில் பாகங்களைப் பற்றவைக்கும் எஸ்.ஏ.சி.305 சோல்டரில் 96.5 சதவீதம் டின். அது போர்டிலேயே தங்கிவிடும். லேத்தில் வெட்டும் கார்பைடு முனையில் உள்ள டங்ஸ்டன் கணக்கில் வராது, அது வெறும் கருவி.

உருக்காலைத் தாளில் முதல் நெடுவரிசையில், சி.ஐ.டி என்று தொடங்கும் ஆறு இலக்க எண்ணை இட்டால் பெயரும் நாடும் தானாக நிரம்பும். இன்னொரு கோப்பிலிருந்து அப்படியே ஒட்டினால் சூத்திரங்கள் உடையும். மதிப்பை மட்டும் ஒட்டுங்கள். உருக்காலை என்று கேட்ட இடத்தில் சோல்டர் விற்ற டீலரையோ முலாம் பூசும் பட்டறையையோ எழுதி அனுப்புவது தினசரி நடக்கும் தவறு.

சரிபார்ப்புத் தாளில் சிவப்பு வரிசைகள் எல்லாம் மறைந்து பச்சையானதும் வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். கட்டங்கள் நிரம்பினவா என்று மட்டுமே அது பார்க்கும், எழுதியது உண்மையா என்று பார்க்காது. இதைவிடப் பெரிய குறை, படிவத்தின் உருக்காலைப் பட்டியலில் ஒரு பெயர் இருப்பதற்கும் தாதுவைப் பொறுப்போடு வாங்குகிறதா என்ற தணிக்கையில் அது தேறியதற்கும் சம்பந்தமே இல்லை என்பது. தேறியதா என்பதை ரெஸ்பான்சிபிள் மினரல்ஸ் இனிஷியேட்டிவின் இணையதளத்தில் தனியாகப் பார்க்க வேண்டும். நிலை மாறிக்கொண்டும் இருக்கும். அந்த ஒரு நெடுவரிசையைப் படிவத்திலேயே சேர்த்திருக்கலாம்.

தேறிய ஆலை என்றாலும் அதற்குப் பின்னால் உள்ள தாதுவுக்கு முழு உத்தரவாதம் கிடையாது. கிழக்குக் காங்கோவில் டான்டலம் தாது தோண்டும் ருபாயாவை 2024 ஏப்ரலில் எம்23 கிளர்ச்சிப்படை பிடித்தது. அங்கிருந்து எல்லை தாண்டி ருவாண்டா தாதுவோடு கலந்துபோகும் மூட்டையைச் சென்னையிலிருந்து நிரப்பும் எக்செல் கட்டம் கண்டுபிடிக்காது. அதனால் டான்டலம் கெப்பாசிட்டர் வாங்குபவர்கள் தயாரிப்பாளரிடம் தாது வந்த நாட்டைத் தனியே எழுத்தில் கேட்பது நல்லது.

மொழித் தேர்வில் சீனம், ஜப்பானியம், கொரியம் எல்லாம் உண்டு. தமிழோ இந்தியோ இல்லை. எப்படியும் பதிலை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். கோபால்ட், மைக்காவுக்கு இது செல்லாது, அவற்றுக்கு இ.எம்.ஆர்.டி என்று தனிப் படிவம் இருக்கிறது.

சப்ளையர்கள் இருபது முப்பது பேர் என்றால் காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை, இதுவே போதும். பதிப்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருடக் கோப்பைத் தேதி மாற்றி அனுப்பினால் பெரிய வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சப்ளையர்கள் தந்த மூலக் கோப்புகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது, வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டியின் கனிமக் கொள்முதல் வழிகாட்டி.