பழைய பாட்டா, புதிய பாட்டா? அமெரிக்கக் கல்லூரி மியூசிக்கல் தியேட்டர் ஆடிஷனுக்கு

மியூசிக்கல் தியேட்டர் (பாடி நடிக்கும் மேடை நாடகம்) படிப்பில் சேர நடக்கும் ஆடிஷனில் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு பாட்டு கேட்பார்கள். சில கல்லூரிகளில் ஒன்று பழைய பாட்டாக இருக்க வேண்டும். பெரும்பாலும் 16 அல்லது 32 பார் (இசைக்குறிப்பில் கோடுகளால் பிரிக்கப்பட்ட தாளப் பகுதி) போதும்.

பழைய பாட்டில் குறையை ஒளிக்க இடமில்லை: வரிகள் நீளமானவை, மூச்சு எங்கே உடைகிறது என்பது உடனே தெரிந்துவிடும். ஆனால் பியானோ பகுதி பெரும்பாலும் எளிது. ஆடிஷனில் அதை முதன்முறை பார்த்து வாசிக்கும் பியானோக்காரரும் தடுமாறமாட்டார். 17 வயதுக் குரலுக்கு முதலில் இதையே தேர்ந்தெடுங்கள்.

புதிய பாப், ராக் பாட்டில் பாத்திரத்தின் தவிப்பு பளிச்சென்று வரும். சிக்கல் உச்சத்தில் இழுக்கும் பெல்ட் சுரத்தில் (நெஞ்சுக் குரலின் பலத்தோடு ஓங்கிப் பாடும் உயர்ந்த சுரம்). வீட்டில் பத்து முறையில் ஏழு முறைதான் எட்டுகிறதா? சளிபிடித்த நாளில் அது நிச்சயம் உடையும். அரைக்கட்டை இறக்குங்கள். இறக்கிய சுருதியிலேயே நோட்ஸ் (பியானோவுக்கான இசைக்குறிப்பு) அச்சிடுங்கள். பியானோ வாசிப்பவரை அங்கேயே சுருதி மாற்றச் சொல்வது அநியாயம். நடுவே பார்களைத் தாண்டுகிறீர்களா? அம்புக்குறி போடாமல் வெட்டி ஒட்டி, புதிதாக நகலெடுங்கள்.