கார்மெனேரும் அந்தக் குடைமிளகாய் வாசமும்

வேலைக்காக சிலியின் சாந்தியாகோவுக்கு வரப்போகும் நண்பர் கேட்டிருந்தார்: "விலை குறைவா, மென்மையா ஒரு சிவப்பு ஒயின் சொல்லுங்க. மூணு வருஷமா அங்கேதானே இருக்கீங்க?" சுலபமான கேள்வி. ஆனால் போன சனிக்கிழமை திறந்த பாட்டில் என் பதிலைக் கெடுத்துவிட்டது.

நான் வழக்கமாக வாங்குவது இங்குள்ள கொல்சாகுவா பள்ளத்தாக்கிலிருந்து வரும் ஒரு கார்மெனேர்; அந்தப் பெயருள்ள திராட்சையில் செய்த சிவப்பு ஒயின். திருகு மூடி, கையைக் கடிக்காத விலை. நன்றாக அமைந்த பாட்டிலில் முதல் மடக்கிலேயே நாவல்பழம் ஞாபகம் வரும். ஆனால் நாக்கை இழுக்கும் அந்தத் துவர்ப்பு இருக்காது, புளிப்பும் குறைவு. அரைத்த சோளத்தை மேலே பரப்பிச் சுடும் பஸ்தேல் தே சோக்லோவின் லேசான இனிப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஒயினை நான் குடித்ததில்லை. கோடையில் மட்டும் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் சாராய நெடி முந்திக்கொள்ளும்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். மூடியைத் திருகியதுமே பச்சைக் குடைமிளகாயை அரிந்து மூக்கருகே பிடித்த மாதிரி ஒரு வாசம். கிளாசில் ஊற்றி அரை மணி நேரம் விட்டேன், சுழற்றிப் பார்த்தேன். பழம் எங்கோ அடியில் கிடக்கிறது, மேலே வரவே இல்லை. லேபிள் அதேதான், விலையும் அதேதான். திராட்சை பறித்த ஆண்டு மட்டும் மாறியிருக்கிறது. மூன்று வருடத்தில் இது நாலாவது தடவை.

குடைமிளகாய்க்கு வாசம் தரும் பைரசீன் என்ற வேதிப்பொருள்தான் இதிலும் இருக்கிறது. பழம் பழுக்கப் பழுக்க அது குறையும். கார்மெனேரோ மெர்லோ என்ற இன்னொரு ஒயின் திராட்சையைவிட நாலைந்து வாரம் பிந்திப் பழுப்பது. பிரான்சின் போர்தோவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் சிலிக்கு வந்த கொடி இது. இங்கே மெர்லோவோடு கலந்து, மெர்லோ என்ற பெயரிலேயே வளர்ந்தது. 1994இல் பிரெஞ்சு திராட்சை நிபுணர் ழான்-மிஷேல் பூர்சிக்கோ மைப்போ பள்ளத்தாக்குத் தோட்டத்தில் கொடியைப் பார்த்து, இது கார்மெனேர் என்று சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதுவரை இரண்டையும் ஒன்றாகப் பறித்தார்கள், பச்சை வாசம் வந்தது. அதில் குறை சொல்ல முடியாது. முப்பது வருடமாகத் தெரிந்திருந்தும் இன்னும் ஏன் அவசரம்?

பழுக்கும்வரை காத்திருந்தால் மழை பிடித்துக்கொள்ளும் பயம் உண்டு, புரிகிறது. இந்த விலைக்கு ஒவ்வொரு குலையாகப் பார்த்துப் பறி என்று கேட்பதும் நியாயமில்லை. மறுநாள் மிச்சத்தை அசாதோவோடு குடித்தேன். கரியில் வாட்டிய இறைச்சியின் புகை வாசத்தில் அந்தப் பச்சை வாசம் அமுங்கி, ஒயின் நன்றாகவே இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனாலும் நண்பருக்கு எழுதிவிட்டேன்: இப்போதைக்கு இது வேண்டாம், அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் செய்யும் மால்பெக் என்ற சிவப்பு ஒயின் வாங்குங்கள். பிளம் பழ ருசி, மென்மை, எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் ஏமாற்றாது. கார்மெனேர் அளவுக்கு எனக்கு நெருக்கமில்லை, அவ்வளவுதான். கார்மெனேரில் முந்தின ஆண்டுப் பாட்டில்கள் இரண்டு என் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. அவர் வந்து சேர்ந்ததும் ஒன்றைத் திறக்கலாம்.